ஆரல் கடலைப் பற்றிய கட்டுரை

முதல் வாரக் கட்டுரைக்கு அவனுக்குப் பத்துக்கு இரண்டு மதிப்பெண் வந்தது. மூன்றே வரி எழுதியிருந்தான். அதில் மூன்றாவது வரி, முதல் வரியையே வேறு வார்த்தையில் சொன்னது.

வேலை செய்கிற இடத்தில் அவனுக்குப் பனிக்கரடி என்று பெயர். குளிர்க் கிடங்கின் உள்ளறையில் பதினாறு வருடமாக இருக்கிறான். பூஜ்யத்துக்குக் கீழே இருபத்திரண்டு டிகிரியில் மீனும் இறைச்சியும் பட்டாணியும் பெட்டி பெட்டியாக வந்து இறங்கும். எந்தப் பெட்டி எந்த அடுக்கில் போகவேண்டும் என்று சொல்கிற ஷிப்ட் பொறுப்பாளன் அவன்தான். தடித்த ஜாக்கெட்டும் தொப்பியும் போட்டு, தோள் அசைய அவன் நடந்து வருவதைப் பார்த்தால் அந்தப் பெயர் வைத்தவனைக் குற்றம் சொல்ல முடியாது. ஆனால் இரண்டு வருடமாக அவன் விரல்கள் திடீர் திடீரென்று வெளுத்து மரத்துப்போக ஆரம்பித்திருந்தன. சட்டைப் பொத்தானைப் போட மனைவியைக் கூப்பிட வேண்டியிருந்தது. "குளிரை விட்டு வெளியே வாங்க. இல்லேன்னா விரல் உங்களை விட்டுப் போயிடும்" என்று மருத்துவர் முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டார்.

வெளியே வர வழி ஒன்றுதான் இருந்தது. மாடியில், சரக்கு வரவுப் பிரிவில், வருகிற வருடம் ஒரு நாற்காலி காலியாகிறது. அதற்குப் பட்டப்படிப்பு வேண்டும். ஆன்லைன் கல்லூரி ஒன்றில் நான்கு வருடமாகத் தட்டுத் தடுமாறி எல்லாப் பாடத்தையும் முடித்துவிட்டான். அவையெல்லாம் நாலு விடையில் ஒன்றைச் சொடுக்குகிற பாடங்கள். மிச்சம் இருந்தது ஒன்றே ஒன்று, உலக வட்டாரப் புவியியல். பதினான்கு வாரம். வாரத்துக்கு ஒரு வட்டாரம், ஒரு வரைபடத் தேர்வு, ஒரு கட்டுரை. கட்டுரையைப் பாடத்தின் இணையப் பக்கத்தில் போட்டால் கூடப் படிக்கிறவர்கள் பின்னூட்டம் எழுதுவார்கள்.

"நாலு வார்த்தை சேர்த்து எழுதுறதுக்குள்ள மண்டை காயுது" என்றான் அவன். "உள்ள இருக்கு. வெளிய வரமாட்டேங்குது."

"கொண்டாங்க, நான் சரி பண்ணித் தர்றேன்" என்று மனைவி கணினியைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

ஆரம்பம் அவ்வளவுதான். இரண்டாவது வாரக் கட்டுரையை அவன் சொல்லச் சொல்ல அவள் எழுதினாள். மூன்றாவது வாரம் அவன் பாதி சொன்னான். நான்காவது வாரம் அவன் சோபாவில் படுத்தபடி "நீயே பார்த்துப் போட்டுடும்மா" என்றான். அந்த வாரம் பத்துக்கு ஒன்பது.

அவள் கண்ணாடிக் கடையில் வேலை பார்த்தாள். முன்னால் நின்று விற்கிற வேலை இல்லை. பின்னறையில் லென்ஸைப் பிரேமுக்கு ஏற்றபடி செதுக்குகிற வேலை. இரண்டு கண்மணிகளுக்கும் நடுவே உள்ள தூரத்தில் அரை மில்லிமீட்டர் தவறினாலும் போடுகிறவருக்குத் தலைவலி வரும். பன்னிரண்டு வருடத்தில் அவள் செதுக்கியவை திரும்பி வந்தது ஏழோ எட்டோதான். பள்ளிப் படிப்போடு நிறுத்தியவள். "எனக்கு அப்பவே மேல படிக்கணும்னு இருந்துச்சு" என்றெல்லாம் அவள் யாரிடமும் சொன்னதில்லை. உண்மையில் அப்படி இருந்ததா என்று அவளுக்கே தெரியாது.

ஆனால் இந்தப் பாடம் அவளைப் பிடித்துக்கொண்டது. மதியச் சாப்பாட்டு நேரத்தில் போனில் பாடத்தைத் திறந்தால் எந்திரத்தின் சத்தம் கூடக் காதில் விழாது. மத்திய ஆசியா வந்த வாரம், ஐந்து நாடுகளின் பெயரையும் வரைபடத்தில் இழுத்து வைக்கவேண்டும். கசக்ஸ்தான், உஸ்பெகிஸ்தான், துர்க்மெனிஸ்தான், கிர்கிஸ்தான், தஜிகிஸ்தான்.

"அஞ்சும் அண்ணன் தம்பி மாதிரியே இருக்கு. எது எங்க உக்காரும்னே தெரியலை" என்று சிரித்தாள்.

"ஸ்தானம் தெரியாம ஸ்தான் படிக்கிற" என்றான் அவன், தோசைக்கல்லைத் துடைத்துக்கொண்டே. அவனுக்கு வாய்ப்பேச்சு நன்றாக வரும். தாளில் கொட்டச் சொன்னால்தான் கல்லடைத்த குழாய்.

அந்த வாரம்தான் அவள் ஆரல் கடலைப் பற்றிப் படித்தாள். பெயரில்தான் கடல், உண்மையில் அது பெரிய ஏரி. அதற்குத் தண்ணீர் கொண்டுவந்த இரண்டு ஆறுகளையும் பருத்தி வயலுக்குத் திருப்பிவிட்டார்கள். ஏரி வற்றி வற்றி, மீன்பிடித் துறைமுகமாக இருந்த ஊரிலிருந்து தண்ணீர் கண்ணுக்கெட்டாத தூரத்துக்குப் போய்விட்டது. மணலில் துருப்பிடித்த படகுகள் நிற்கிற படத்தை அவள் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தாள். அரைப் பருவக் கட்டுரைக்கு அதையே எடுத்துக்கொண்டு மூன்று ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து எழுதினாள். ஆறு பக்கம்.

இரண்டாவது ஞாயிறன்று மகள் பின்னால் வந்து நின்றாள். பதின்மூன்று வயது.

"என்னம்மா இது, அப்பா பேர் போட்டிருக்கு?"

"அப்பா சொல்றதை டைப் பண்றேன்."

"அப்பா தூங்குறாரே."

அவள் கணினித் திரையைப் பாதி சாய்த்தாள். போன மாதம்தான் மகள் தன் அறிவியல் நோட்டைத் தோழிக்குக் கொடுத்து, அவள் அதை அப்படியே எழுதி, இருவரும் வகுப்புக்கு வெளியே நின்றார்கள். அதற்காக இரண்டு நாள் வீட்டில் மகளோடு முகம் கொடுத்துப் பேசாமல் இருந்தவள் இதே அம்மாதான்.

"அப்ப நான் செஞ்சா மட்டும் தப்பா?"

"அப்பாவுக்குக் கை சரியில்லைடா கண்ணு. இது அவர் வேலைக்காக."

"அவளுக்கும் கையில கட்டு போட்டிருந்தாங்க" என்று சொல்லிவிட்டு மகள் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். கதவு சத்தமாகச் சாத்தப்படவில்லை. அதுதான் அவளுக்கு உறுத்தியது.

கட்டுரைக்கு ஆசிரியை ஒரு முழுப் பத்தி பதில் எழுதியிருந்தார். மதிப்பெண்ணைப் பார்க்கும் முன்பே அவள் அதைப் படித்தாள். 'ஐயா, மூன்றாம் பக்கத்தில் "கரை அங்கேயேதான் இருக்கிறது, கடல்தான் கரையை விட்டுவிட்டது" என்று எழுதியிருக்கிறீர்கள். இத்தனை வருடத்தில் இந்த ஏரியைப் பற்றி எத்தனையோ கட்டுரை திருத்தியிருக்கிறேன். இந்த வரியில் சற்று நின்றுவிட்டேன்.' அவள் கடையின் பின்னறையில் நின்றபடி அதை நாலைந்து முறை படித்தாள். 'ஐயா' என்ற சொல்லை மட்டும் கண் தாண்டித் தாண்டிப் போயிற்று.

பத்தாவது வாரம் இன்னொரு கடிதம் வந்தது. வகுப்பிலிருந்து நான்கு கட்டுரைகளைத் தேர்ந்தெடுத்திருக்கிறோம், அதில் உங்களுடையதும் ஒன்று, வகுப்புக்கு அதை வழங்கச் சம்மதமா என்று கேட்டிருந்தது. அவள் கணவனிடம் கேட்கவில்லை. கேட்டால் வேண்டாம் என்பான் என்று தெரியும். கல்லூரிப் பக்கத்தில் போடுவார்கள், அவ்வளவுதானே என்று நினைத்துக்கொண்டு, அவன் பெயரில், 'மகிழ்ச்சியோடு சம்மதிக்கிறேன்' என்று அனுப்பிவிட்டாள்.

மறுநாளே பதில் வந்தது. சனிக்கிழமை காலை பதினொரு மணிக்கு வீடியோவில் வகுப்பு கூடும். கட்டுரையைப் பத்து நிமிடம் நேரில் வழங்கவேண்டும். பிறகு கேள்விகள்.

இரண்டு நாள் அவள் அதை வயிற்றுக்குள்ளேயே வைத்திருந்தாள். கடையில் ஒரு லென்ஸை இடம் வலம் மாற்றிச் செதுக்கிவிட்டாள். புதன்கிழமை மாலை, அவன் வேலையிலிருந்து வந்து விரல்களைச் சுடுநீரில் வைத்துக்கொண்டிருந்தபோது சொன்னாள்.

அவன் தலையைத் தூக்காமல் கேட்டான். "நான் எப்ப சரின்னேன்?"

"நான்தான் போட்டேன்."

"என்னைக் கேக்கணும்னு தோணலையா?"

"படிச்சதும் கை தானா அடிச்சிடுச்சு."

விரல்களைத் தண்ணீருக்குள் மடக்கி நீட்டினான். "சரி விடு. உடம்பு சரியில்லைன்னு எழுதிப் போட்டுடு."

"எழுதறேன்" என்றாள். வியாழன் காலை கடிதத்தை எழுதவும் செய்தாள். அனுப்புகிற பொத்தானுக்கு மேல் விரலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அந்த மூன்றாம் பக்கத்து வரியை இருபத்தைந்து பேர் காது கொடுத்துக் கேட்பார்கள். யார் வாயிலிருந்து வந்தால் என்ன? கடிதத்தை அழித்துவிட்டு, அவன் குளித்து வந்ததும் சொன்னாள்: "ஒரு தடவை முயற்சி பண்ணிப் பாருங்களேன். நான் பக்கத்துலயே இருக்கேன்."

அவளை அவன் நிமிர்ந்து பார்த்தான். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அவள் அவனிடம் ஒன்றை இப்படிக் கேட்டதில்லை. "சரி. உனக்காக" என்றான்.

வியாழனும் வெள்ளியும் பாடம் நடந்தது. அவள் படித்துக்காட்ட, அவன் திருப்பிச் சொன்னான். ஆறுகளின் பெயர் அமு தாரியா, சிர் தாரியா. அவன் ஒவ்வொரு முறையும் ஒன்றை விட்டுவிட்டான். "ரெட்டைப் பிள்ளைல ஒண்ணைப் பள்ளிக்கூடத்துலயே மறந்துட்டு வர்ற அப்பன் மாதிரி இருக்கு" என்று தன்னைத்தானே கிண்டலடித்துக்கொண்டான். அவள் சிரிக்கவில்லை. "கவனமா சொல்லுங்க" என்றாள். அந்தக் குரல் மகளிடம் பேசுகிற குரல். அவன் சிரிப்பை நிறுத்திக்கொண்டான்.

சனிக்கிழமை படுக்கையறையில் மேசையைச் சுவரோரம் போட்டு, பின்னால் துணிக் கொடி தெரியாதபடி கேமராவைத் திருப்பினாள். அவனுக்கு வெள்ளைச் சட்டை. பொத்தான்களை அவளே போட்டுவிட்டாள். கட்டிலின் ஓரத்தில், கேமராவுக்குத் தெரியாத இடத்தில், பெரிய எழுத்தில் எழுதிய தாள்களோடு அவள் உட்கார்ந்துகொண்டாள்.

திரையில் சின்னச் சின்னக் கட்டங்களாக முகங்கள் வந்தன. ஒரு கட்டத்தில் அவன் கிடங்கின் பில் பிரிவுக்காரன் இருந்தான். அவனும் இதே வகுப்பு, அவனுக்கும் அதே மாடி நாற்காலி மேல் கண். அவன் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினான். ஆசிரியை நரைத்த முடியோடு, மூக்கு நுனிக்குச் சரிந்த கண்ணாடியோடு இருந்தார். மூக்குப் பட்டையைக் கொஞ்சம் உள்ளே வளைத்தால் சரியாக நிற்கும் என்று அவள் கை பரபரத்தது.

அவன் படித்தான். நிறுத்தி நிறுத்தி, சில இடத்தில் இடறி, ஆனாலும் படித்து முடித்தான். கட்டங்களில் சிலர் கை தட்டினார்கள். அவளுக்குக் கண்ணில் நீர் முட்டியது.

"நன்றிங்க" என்றார் ஆசிரியை. "ஒரு கேள்வி. நீங்க குளிர்க் கிடங்குல வேலை பார்க்கறதா முதல் வாரம் அறிமுகத்துல எழுதியிருந்தீங்க. இந்த ஏரியை ஏன் தேர்ந்தெடுத்தீங்க?"

தாளில் இல்லாத கேள்வி. அவன் தொண்டையைச் செருமினான். பிறகு பேச ஆரம்பித்தான். "மேடம், எங்ககிட்ட வர்ற பெட்டியில ஊர் பேர் போட்டிருக்கும். ஒரு ஊர்லேர்ந்து மாசத்துக்கு நாப்பது பெட்டி மீன் வரும். அடுத்த வருசம் முப்பது. அப்புறம் பத்து. அப்புறம் அந்தப் பேரே வராது. நாங்க அந்த அடுக்குல வேற ஊர் பெட்டியை வெச்சிடுவோம். அங்க என்ன ஆச்சுன்னு யாரும் கேக்கறதில்லை. நான் மட்டும் நினைச்சுக்குவேன், அந்தப் பெட்டிக்கு ஆணி அடிச்சவன் இப்ப என்ன பண்றான்னு."

அவள் தாளை மடியில் வைத்துவிட்டு அவனைப் பார்த்தாள். இதை அவன் அவளிடம் சொன்னதே இல்லை. அவள் கேட்டதும் இல்லை.

ஆசிரியை கண்ணாடியைக் கழற்றினார். "அருமையா சொன்னீங்க. ஆனா இது கட்டுரையில ஒரு இடத்துலயும் இல்லையே?"

அவன் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டான்.

"மூணாம் பக்கத்துல அந்தக் கரை பத்தின வரி. அது எப்படி வந்துச்சுன்னு சொல்லுங்களேன்."

அவள் அவசரமாகத் தாள்களைப் புரட்டினாள். அவன் தலை அவள் பக்கம் திரும்பியது. தாளை அல்ல, அவளையே பார்த்தான்.

"அங்க யாராவது இருக்காங்களா?" என்றார் ஆசிரியை.

"என் வீட்டுக்காரம்மா இருக்காங்க" என்றான் அவன். "அவங்கதான் எழுதினாங்க, மேடம். இது மட்டுமில்லை. எல்லாமே."

திரையில் ஒருவரும் அசையவில்லை. பில் பிரிவுக்காரன் மட்டும் குனிந்து எதையோ தேடுவதுபோல் செய்தான். ஆசிரியை கண்ணாடியைத் திரும்ப மாட்டிக்கொண்டு, "சரிங்க. இதைப் பத்தி உங்களுக்குத் தனியா எழுதறேன். அடுத்தவர் வாங்க" என்றார்.

அவன் கணினியை மூடினான். அவள் எழுந்து நின்றாள்.

"என்ன இப்படிப் பண்ணிட்டீங்க? ஏதாவது சொல்லிச் சமாளிச்சிருக்கலாமே! இன்னும் நாலு வாரம்தான் இருந்துச்சு."

"சமாளிக்க முடியலை."

"விரலு? அதை யோசிச்சீங்களா?"

"நீ யோசிச்சியா, சரின்னு போட்டப்ப?" அவன் சத்தம் போடவில்லை. "உடம்பு சரியில்லைன்னு எழுதச் சொன்னேன். எழுதலை. பேரை நீ எடுத்துக்கிட்ட, சரி. மூஞ்சியையும் கேட்டா எப்படி? அது ஒண்ணுதான் என்கிட்ட இருந்துச்சு."

கூடத்தில் மகள் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். எல்லாம் கேட்டிருக்கும். தலையைத் தூக்கவே இல்லை.

ஐந்து நாள் கழித்துக் கல்லூரியின் கடிதம் வந்தது. பாடம் ரத்து. அடுத்த வருடம் மறுபடி முதலிலிருந்து எழுதலாம், இன்னொரு முறை நடந்தால் சேர்க்கையே ரத்து. மாடி நாற்காலியில் பில் பிரிவுக்காரன் போய் உட்கார்ந்தான். கிடங்கில் கதை பரவியிருந்தது. யாராவது ஒரு ரசீதை நீட்டி, "கையெழுத்து நீங்க போடுவீங்களா, வீட்டுக்குக் கொடுத்து அனுப்பணுமா?" என்பார்கள். அவனும் கூடவே சிரிப்பான். வீட்டுக்கு வந்ததும் ஜாக்கெட்டைக் கழற்றாமல் வெகுநேரம் உட்கார்ந்திருப்பான்.

அவள் ஆசிரியைக்கு எழுதினாள். முதல் முறையாகத் தன் பெயரில். தவறு என்னுடையது, சம்மதம் சொன்னது நான், அவர் வேண்டாம் என்றார், அவர் கைக்காகவாவது முன்கூட்டியே எழுத வாய்ப்புக் கொடுங்கள் என்று கேட்டாள். நாலு வரியில் பதில் வந்தது. விதியை மாற்ற முடியாது. வருந்துகிறேன். கடைசியில், 'கட்டுரை நன்றாக இருந்தது. அதனால்தான் எனக்குக் கோபம் அதிகம்' என்று இருந்தது. அதை அவள் கணவனிடம் காட்டவில்லை. அழிக்கவும் இல்லை.

குளிர்காலத்தில் அவன் வலது மோதிர விரலின் நுனி கறுத்துப்போய், பத்து நாள் கட்டோடு இருந்தான். விரல் தப்பியது. உணர்ச்சி முழுதாகத் திரும்பவில்லை. அவள் தினமும் கட்டு மாற்றினாள். அவன் கையை நீட்டுவான், முகத்தைச் சன்னல் பக்கம் திருப்பிக்கொள்வான். இருவரும் பேசிக்கொள்ளாமல் இல்லை. பால் வாங்கவேண்டும், மகளின் பள்ளிக்கூடத்தில் கூப்பிட்டிருக்கிறார்கள், குழாய் ஒழுகுகிறது என்று பேச்சு நடந்துகொண்டுதான் இருந்தது.

அடுத்த வருடம் அவன் அதே பாடத்தை மறுபடி எடுத்தான். அவளிடம் சொல்லவில்லை. ஞாயிறு காலைகளில் கணினியை எடுத்துக்கொண்டு படுக்கையறைக்குள் போய்க் கதவைச் சாத்துவதிலிருந்து அவளே தெரிந்துகொண்டாள். உள்ளே ஒற்றை விரலால் தட்டுகிற சத்தம் கேட்கும். நிற்கும். வெகுநேரம் கழித்து மறுபடி கேட்கும். அந்த இடைவெளிகளில் அவளுக்குச் சொல்லிக் கொடுக்கவேண்டும் போலிருக்கும். அதை விட, தானும் படிக்கவேண்டும் போலிருக்கும். இப்போது எந்த வட்டாரம் நடக்கிறது என்று கேட்கக்கூட அவளுக்கு வாய் வரவில்லை. நீயே சேர்ந்து படியேன் என்று மகள் ஒருமுறை சொன்னாள். "பார்க்கலாம்" என்றாள். பார்க்கவில்லை.

தென் அமெரிக்கா நடந்த வாரம், அவன் அவசரமாக ஷிப்டுக்குக் கிளம்பியபோது கணினியை மூட மறந்துவிட்டான். அறையைப் பெருக்கப் போனவள் பார்த்தாள். ஒரு பக்கக் கட்டுரை. மாலை ஆறு மணிக்குத் தானாகச் சமர்ப்பிக்கப்படும் என்று மேலே இருந்தது. இரண்டு பெட்டிகளைப் பற்றி எழுதியிருந்தான், ஒன்று திராட்சை, இன்னொன்று இறால். எழுத்துப்பிழை நிறைய இருந்தது. ஆனால் அது அவன் பேசுகிற மாதிரியே இருந்தது. நடுவில் ஓரிடத்தில், பொலிவியாவின் துறைமுகத்திலிருந்து இறால் பெட்டி கப்பல் ஏறுகிறது என்று எழுதியிருந்தான்.

பொலிவியாவுக்குக் கடற்கரை இல்லை. ஒரு சொல்லை மாற்றினால் போதும். ஈக்வடார் என்று மாற்றினால் அந்தப் பத்தியே நிமிர்ந்துவிடும். அவள் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தாள். விரலை விசைப்பலகை மேல் வைத்தாள். எடுத்தாள். எழுந்து போய் மதியத்துக்கு அரிசி களைந்து வைத்தாள். திரும்பி வந்து வாசலில் நின்று பார்த்தாள். அரைமணி நேரத்தில் மூன்று தடவை வந்து நின்றாள். நாலாவது தடவை வரவேண்டாம் என்று வெளியே போய் மாடிப்படிகளைக் கழுவினாள். அது அவள் முறை கூட இல்லை, எதிர்வீட்டுக்காரியின் முறை.

மூன்று நாள் கழித்து, இரவுச் சாப்பாட்டின்போது, அவன் தட்டைப் பார்த்தபடியே சொன்னான்.

"அஞ்சு வந்திருக்கு. பத்துக்கு."

அவள் குழம்பை ஊற்றினாள்.

"பொலிவியாவுக்குக் கடலே இல்லையாமே."

"ஆமா. இல்லை."

அவன் கை பாதியில் நின்றது. "உனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"நான் எழுதியிருந்ததைப் பார்த்தியா?"

"பெருக்க வந்தப்ப பார்த்தேன். திறந்து கிடந்துச்சு."

மகள் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். அவன் சோற்றைப் பிசைந்தான். மரத்த விரலை மடக்காமல் மற்ற விரல்களால் பிசைய அவன் பழகியிருந்தான்.

"கொஞ்சம் ரசம் ஊத்து" என்றான் கடைசியில். ஊற்றினாள். "அவங்க ஏதோ சண்டையில கடற்கரையைத் தோத்துட்டாங்களாம். இன்னும் கப்பல்படை வெச்சிருக்காங்களாம், ஏரியில. நிஜமா அது?"

"நிஜம்தான்" என்று சொல்லி, அதற்கு மேல் தனக்குத் தெரிந்ததையெல்லாம் சொல்லிவிடாமல் இருக்க, அவள் எழுந்து தண்ணீர் எடுத்துவரப் போனாள்.